களப்புத் தண்ணீர் கெட்ட வருஷமும் என் நண்டு ஹயரும்

ஹயர் வேன் ஓட்டுகிற தொழிலில் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது பாதி வேலைதான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை ஏற்றிய மாதிரியே கொண்டுவந்து இறக்குவது மீதி வேலை. வேனோ பஸ்ஸோ முச்சக்கர வண்டியோ, எதையாவது ஓட்டி வயிறு வளர்க்கிற என் இனத்துச் சனங்களே, இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வண்டிக்குள் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாலும் நம் பிழை, மழை பெய்தாலும் நம் பிழை, போன இடத்தில் கோயில் பூட்டியிருந்தாலும் நம் பிழை.

என் பெயர் சிவலிங்கம். பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பழைய வேனை வாங்கி வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓட ஆரம்பித்தேன். கல்யாணம், ஆஸ்பத்திரி, கதிர்காமம் எல்லாம் எல்லோரும் ஓடுகிற ஓட்டம். எனக்கென்று ஒரு தனி ஓட்டம் இருந்தது. அதற்கு எங்கள் பக்கத்தில் 'நண்டு ஹயர்' என்றே பெயர். போயா என்கிற பௌர்ணமி லீவுக்கோ தீபாவளிக்கு மறுநாளோ, லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வேனைப் பிடிப்பார்கள். விடிய முன்னமே கிளம்பி, கொடகவெல, எம்பிலிப்பிட்டிய வழியாகத் தெற்குக் கரையில் கடலோடு சேர்ந்த உப்பு ஏரியான ஒரு களப்புக்குப் போவோம். வலைக்கூடு வாடகைக்கு எடுத்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அவரவர் கையாலேயே நண்டு பிடித்து, கரையில் கொஞ்சம் சமைத்துச் சாப்பிட்டு, மீதியைச் சாக்கில் கட்டிக்கொண்டு பொழுது சாயத் திரும்புவோம். வருஷம் முழுக்கக் கொழுந்துக் கூடையும், விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களமுமாக இருக்கிறவர்களுக்கு அது ஒரு நாள் ராஜ வாழ்க்கை.

கொழுந்து விரல்

அந்தக் களப்பில் வலைக்கூடு வாடகைக்கு விடுகிறவர் சிறிபால அய்யா. சிங்களவர். சின்ன வயதில் தமிழ் ஆட்களோடு மீன் வாடியில் வேலை செய்ததால் உடைந்த தமிழில் நன்றாகவே பேசுவார். என்னை 'சிவா மல்லி' என்பார், தம்பி என்ற அர்த்தத்தில். முதல் தடவை நான் தோட்டத்துச் சனத்தோடு போய் இறங்கியபோது, எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மலைக்கார ஆளுங்க, கைய கடிச்சுக்குவாங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது முதல் பத்து நிமிஷத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. கூட்டில் மீன் தலையைக் கட்டித் தண்ணீரில் போட்டுத் தூக்கினால் நண்டு வரும். அதை உதறி, பின்னாலிருந்து பிடித்து, கொடுக்கைக் கட்ட வேண்டும். எங்கள் ஆம்பிளைகள் நண்டு கொடுக்கைத் தூக்கிய உடனே கூட்டை வீசிவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். மாரிமுத்து கங்காணி, தோட்டத்தில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், ஒரு சின்ன நண்டுக்குப் பயந்து தோணிக்குள் ஏறி நின்றுகொண்டார்.

அவருடைய மனைவி பாக்கியம் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிற கை. சிறிபால அய்யா ஒரு தடவை பிடித்துக் காட்டினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்காவின் இரண்டு விரலும் நண்டின் பின்னங்கால் இடுக்கில் போய் நின்ற வேகத்தை நண்டே கவனித்திருக்காது. மற்றப் பெண்களும் இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் சாக்கு நிறைந்துவிட்டது. களப்புக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு, நானே பிடித்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. சிறிபால அய்யா சாக்கைத் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சிவா மல்லி, இந்த அக்காவ சுருக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்லாட்டி களப்புல விதைக்குக்கூட நண்டு மிஞ்சாது."

ஐடென்டிடி இல்லாதவன்

யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் தமிழ்ப் பெயர்களோடு ஒரு வேன் நிறையச் சனம் தெற்குப் பக்கம் போய் வருவது என்றால் சும்மா காரியம் இல்லை. ஒவ்வொரு செக்பாயின்டிலும் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்று, தடையை நடந்தே கடந்து மறுபடி வேனில் ஏற வேண்டும். எங்களுக்கெல்லாம் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்றாலும் பயம் மட்டும் ஒரு தடவையும் குறைந்ததில்லை.

ஒரு தடவை திரும்பி வரும்போது, எல்லோரையும் இறக்கிவிட்டு ஓர் இளம் சிப்பாய் வேனுக்குள் ஏறினான். கடைசி சீட்டுக்குக் கீழே கிடந்த சாக்கு அசைந்தது. அவன் சட்டென்று பின்வாங்கினான். கையிலிருந்த துப்பாக்கியின் மேல் மற்றக் கை போனதை நான் பார்த்தேன். பிள்ளைகள் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். "கக்குளுவோ சேர், நண்டு, நண்டு" என்று நான் இரண்டு மொழியிலும் கத்தினேன். அவன் நம்பவில்லை. ஒரு தடியை எடுத்துச் சாக்கின் வாயை விலக்கி உள்ளே விட்டுக் கிளறினான். தடியை வெளியே எடுத்தபோது அதன் நுனியைக் கட்டு அவிழ்ந்த ஒரு பெரிய நண்டு கவ்விக்கொண்டு தொங்கியது. உதறினான், விடவில்லை. வேனின் படியில் தட்டினான், விடவில்லை. முதலில் சிரித்தது பாக்கியம் அக்காதான். பிறகு வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், மண் மூட்டைக்குப் பின்னால் நின்ற மற்றச் சிப்பாய்களும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்துவிட்டான். தடியையும் நண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டே எங்களைப் போகச் சொன்னவன் சிங்களத்தில் சொன்ன வார்த்தை இது: "எல்லாருக்கும் ஐடென்டிடி சரி, இவனுக்கு மட்டும் இல்லை, இவனை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

கறுப்பு நகத்துக்காரன்

முதல் வருஷம் தோணிக்குள் ஏறி நின்ற அவமானம் மாரிமுத்து கங்காணியை விடவில்லை. அடுத்த வருஷம் போனபோது, களப்பு வாயைத் தாண்டிக் கடல் பாறைப் பக்கமாகத் தனியாகப் போய்விட்டு, கையில் ஒரு நண்டோடு வெற்றி வீரன் மாதிரி நடந்து வந்தார். அப்படி ஒரு நண்டை நாங்கள் பார்த்ததே இல்லை. ஓடு முழுக்கச் சிவப்பும் பழுப்புமாகக் கோலம் போட்ட மாதிரி. கொடுக்கின் நுனி மட்டும் மை தோய்த்த மாதிரிக் கறுப்பு. பார்க்கிறவர்கள் கண்ணை எடுக்க முடியாது.

சிறிபால அய்யா தோணியிலிருந்து குதித்து ஓடி வந்தார். துடுப்பால் ஒரு தட்டு. நண்டு மணலில் விழுந்தது. "இந்தப் பாறை நண்டு கறிக்கு இல்ல. எங்க ஊர்ல ஒரு மனுசன் இத அவிச்சுத் தின்னுட்டு, குடிச்சவன் மாதிரி தள்ளாடி விழுந்தான். பொழுது சாயல்ல, ஆள் இல்ல" என்றார். பழுதாய்ப் போன நண்டா என்று கேட்டேன். இல்லை, உயிரோடு ஓடுகிறபோதே அதன் உடம்பில் நஞ்சு இருக்கிறது, கடவுள் படைத்ததே அப்படி என்றார். கங்காணி மணலில் கிடந்ததை ஆசை தீராமல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பாக்கியம் அக்கா அவர் தோளைத் தட்டிச் சொன்னார்: "பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்த்தது போதுங்க, சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டு வாங்க."

நானா கடைக்கு வந்த போன்

இப்போது நான் சொல்ல வந்த வருஷத்துக்கு வருகிறேன். அந்தத் தீபாவளிக்கு எனக்கு நண்டு ஹயர் மேலே ஹயர். எங்கள் தோட்டம் மட்டுமில்லை, கஹவத்தை, குருவிட்ட பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து நாள் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். வேனுக்குப் புது டயர் போட்டு, சீட்டுக்கு உறை தைத்து, கண்ணாடியில் மாலை கட்டி வைத்திருந்தேன்.

எங்கள் லயத்தில் போன் கிடையாது. பெல்மதுளைச் சந்தியில் கொமியூனிகேஷன் என்கிற டெலிபோன் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் நம்பரைத்தான் சிறிபால அய்யாவிடம் கொடுத்திருந்தேன். தீபாவளிக்கு முந்தின கிழமை நானா கடைப் பையனை அனுப்பாமல் தானே மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு ஏறி வந்துவிட்டார். சிறிபால அய்யா போன் எடுத்தாராம். மழைக்குப் பிறகு களப்புத் தண்ணீர் ஒரு மாதிரி நிறம் மாறிக் கிடக்கிறதாம். மட்டி தின்ற இரண்டு பேருக்கு வாய் மரத்துப் போய்விட்டதாம். மட்டியும் நண்டும் எடுக்கக் கூடாது, பொழுதுபோக்குக்குப் பிடிக்க வருகிறவர்களையும் இறக்கக் கூடாது என்று மீன்பிடி அதிகாரிகள் சொல்லிவிட்டார்களாம். வலைக்கூட்டை எல்லாம் கரையேற்றிவிட்டாராம்.

சீசனே அந்த இரண்டு மாசம்தான். அந்த மனுஷனுக்கும் அதுதான் சீசன். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கும் எனக்கும் பிழைப்பு ஓடியிருக்கும். அவர் அப்படி நினைக்கவில்லை என்பதை நான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். நானா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அந்தாள் அஞ்சு நிமிசமும் ஒரே சொல்லத்தான் சொன்னார், 'எப்பா, எப்பா, எப்பா'ன்னு, நான்தான் பதினஞ்சு தடவ 'ஹரி, ஹரி'ன்னேன்."

மிஸ்ஸிடம் கேட்ட கேள்விகள்

'எப்பா' என்றால் வேண்டாம், 'ஹரி' என்றால் சரி. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற சனமா நம் சனம்? "ஒனக்கு வேற நல்ல ஹயர் கெடச்சிருச்சு, அதான் கத விடுற" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பேசி முடியாது என்று தெரிந்து, மாரிமுத்து கங்காணியையும் பாக்கியம் அக்காவையும் எல்லோர் சார்பிலும் ஏற்றிக்கொண்டு களப்புக்கே போனேன். பார்த்துவிட்டு வந்து அவர்களே சொல்லட்டும் என்று.

களப்பில் ஒரு பக்கம் பால் விடாத பிளேன்டீ ஊற்றிய மாதிரித் தண்ணீர் செம்பழுப்பாகக் கிடந்தது. கரையில் மீன்பிடித் திணைக்களத்திலிருந்து வந்த ஓர் இளம் அதிகாரி மிஸ், போத்தல்களில் தண்ணீரும் மட்டியும் எடுத்துக்கொண்டிருந்தார். வெயிலில் முகம் கறுத்து, கவுன் முழுக்கச் சேறு. நாங்கள் ஏன் வந்தோம் என்று கேட்டதும் வேலையை வைத்துவிட்டு எங்களோடு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று சில நேரம் தண்ணீரில் கணக்கில்லாமல் பெருகுகிறது. சில பாசிக்குள் நஞ்சு இருக்கிறது. மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்பதால் நஞ்சு அதற்குள் சேருகிறது, மட்டியைத் தின்கிற நண்டின் வயிற்றிலும் சேருகிறது. மட்டிக்கும் நண்டுக்கும் ஒன்றும் ஆகாது. தின்கிற மனுஷனுக்குத்தான் ஆகும்.

கங்காணி விடவில்லை. "மஞ்சள் போட்டு நல்லாக் கொதிக்க வச்சா, மிஸ்?" போகாது. "கொரக்காப் புளி போட்டா? தேசிக்காய் பிழிஞ்சா?" போகாது, போகாது. நண்டின் ஓட்டுக்குள் இருக்கிற மஞ்சள் கொழுப்பில்தான் கூடுதலாக இருக்கும். முழு நண்டைப் போட்டுக் காய்ச்சினால் குழம்பிலும் இறங்கும். மணத்திலும் ருசியிலும் கண்டுபிடிக்கவே முடியாது. பாக்கியம் அக்கா கேட்டது வேறு கேள்வி: "தெரியாம ஒருத்தர் தின்னுட்டா எப்படித் தெரியும்?" மிஸ் அவரை நேராகப் பார்த்துச் சொன்னார். முதலில் உதடும் நாக்கும் ஊசி குத்துகிற மாதிரிக் கூசும், பிறகு விரல் நுனி. நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறும், கைகால் சோரும், கடைசியில் மூச்சு. மாற்று மருந்து இல்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு கொண்டுபோய் மெஷினில் மூச்சைக் காப்பாற்றிவிட்டால், நஞ்சு தானாக இறங்கி ஆள் எழும்பிவிடும்.

கிளம்பும்போது மிஸ் எங்களிடம் ஓர் உதவி கேட்டார். கரையில் நட்டிருந்த அறிவித்தல் பலகை சிங்களத்தில் மட்டும் இருந்தது. தமிழ் எழுத அவருடன் ஆள் இல்லை. பிரஷ்ஷைக் கையில் தந்தார். 'தண்ணீரில் நஞ்சு. மட்டி, நண்டு பிடிக்கவும் தின்னவும் வேண்டாம்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதினேன். அந்தக் கரையில் தமிழ் எழுத்து நின்றது அதுதான் முதல் தடவை என்றார் சிறிபால அய்யா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் என் கையெழுத்துக்காக என்னை அடித்த அடியெல்லாம் அந்த நிமிஷம் வீண்போகவில்லை என்று தோன்றியது. கங்காணி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த எழுத்தப் பார்த்தா நம்ம ஆளுங்க என்ன, நண்டே பயந்து வேற களப்புக்குப் போயிரும்."

நண்டுக்குப் பதில் யானை

இரண்டு பேரும் வந்து சொன்ன பிறகு எங்கள் தோட்டம் அடங்கியது. ஆனால் புதுத் துணி உடுத்திக் காத்திருந்த பிள்ளைகளுக்குப் பாசியும் நஞ்சும் புரியுமா? அழுகை. சரி என்று, தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் ஏற்றி உடவளவைப் பக்கம் யானை பார்க்கக் கொண்டுபோனேன். ரோட்டோரத்து மின்சார வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கொம்பனே வந்து நின்று எங்களுக்குக் காட்சி கொடுத்தது. பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் ஏற்பாடு பண்ணிக் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள். திரும்பி வந்து இறங்கும்போது, சாப்பாட்டுப் பிரியரான எங்கள் கங்காணி மட்டும் காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: "யானை நல்ல யானைதான் சிவா, ஆனா கொழம்புக்கு ஆகாதே."

சட்டி

அதே சனிக்கிழமை வேறு ஒரு வேன் எங்கள் பக்கத்திலிருந்து களப்புக்குப் போயிருந்தது. சிறிபால அய்யா கூடு தரவில்லை என்றதும், அவர்கள் பலகை இல்லாத மறுகரைக்குச் சுற்றிப் போய், தூண்டிலால் நண்டும், பாறையில் ஒட்டியிருந்த மட்டியும் எடுத்து வந்திருக்கிறார்கள். அதில் போனவர்களில் ஒருவன் குமார். எங்கள் லயத்திலேயே, பாக்கியம் அக்காவின் அடுத்த வீட்டுக் காம்பராவில் இருந்தவன். தோட்டத்து ஃபெக்டரியில் ரோலரில் வேலை. நல்ல பிள்ளை, நல்லாச் சமைப்பான், சொல்லுக் கேட்கமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே அடுப்பில் நின்று நண்டுக் குழம்பு வைத்தான். வாசம் லயம் முழுக்க. குழம்பு கொதிக்கிற நேரத்தில், அவித்து வைத்த மட்டியை ஒரு பீங்கான் நிறையப் போட்டு, ருசி பார்க்கிறேன் என்று தனியாகத் தின்று முடித்திருக்கிறான். வீட்டில் மற்றவர்களுக்கு இன்னும் சோறு போடவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்து உதட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "என்னடா?" என்று பாக்கியம் அக்கா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா, கொச்சிக்கா ஒறப்பு கூடிப்போச்சு போல, ஒதடு சுர்ருங்குது" என்றான். "வெரலு?" என்று அக்கா கேட்டார். அவன் கையை விரித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, வெரலும்தான்" என்றான்.

அதற்கு மேல் அக்கா ஒரு நொடி நிற்கவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கீழ் லயம் வரை கேட்டது. அப்படியே அவர்கள் வீட்டுக்குள் புகுந்து, கொதிக்கிற சட்டியைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கி, பின்னால் கொண்டுபோய், நாய்கூட வாய் வைக்கக் கூடாது என்று கங்காணியை மண்வெட்டியால் குழி வெட்டச் சொல்லி அதில் கொட்டி மூடினார். குமாரின் அம்மாவுக்கு நடந்தது ஒன்றுமே புரியவில்லை. நல்ல நாளில் வந்து சட்டியைக் கவிழ்த்தவளை விடுவாரா? அந்தத் தாய் குழியின் ஓரத்தில் நின்று மண்ணை அள்ளி வீசாத குறையாகக் கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது: "ஒனக்கு நண்டு கெடைக்கலைன்னா எங்க வாயிலயும் மண்ண போடுவியாடி!"

இரத்தினபுரி ரோடு

வேனை நான் வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் குமாரின் நாக்குத் தடித்துவிட்டது. கங்காணியும் நானும் ஆளுக்கொரு கை கொடுத்து ஏற்றினோம். காலைத் தூக்கி வைக்க அவனால் முடியவில்லை. அம்மா ஏறினார், பாக்கியம் அக்கா ஏறினார். அந்த வேனில் போன மற்றவர்கள் வீட்டுச் சட்டியையும் கொட்டச் சொல்லக் கங்காணி ஓடினார். சற்று முன்பு திட்டினவரும் திட்டு வாங்கினவரும் ஒரே சீட்டில், நடுவில் அவன் தலை.

தோட்டத்து ரோடு உங்களுக்குத் தெரியும். வேகமாகப் போனால் வண்டி உடையும், மெதுவாகப் போனால் நேரம் போகும். நான் வண்டியைப் பற்றி நினைக்கவில்லை. சந்திக்கு வந்து இரத்தினபுரி ரோட்டில் ஏறி, ஹோர்னில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டினேன். பின்னால் பாக்கியம் அக்கா அவனை விடாமல் பேச வைத்துக்கொண்டே வந்தார். "ரோலர்ல இன்னைக்கு யாருடா? சொல்லுடா. பேர சொல்லு." முதலில் பேர் வந்தது. பிறகு பாதிப் பேர் வந்தது. பிறகு 'ம்' மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். கண் மட்டும் திறந்திருந்தது, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவனுக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் தெரிகிறது, அசைய மட்டும் முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது, எக்ஸலேட்டரை இன்னும் மிதித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓடி வந்த டொக்டரிடம், மட்டி தின்றது, எந்த நேரம், உதட்டில் தொடங்கி விரலுக்குப் போய் நாக்கில் ஏறியது என்று பாக்கியம் அக்கா சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னார். களப்பு விஷயத்தை நான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே கேட்கவில்லை. தலையை ஆட்டினார், உடனே மூச்சு மெஷினுக்கு ஆள் அனுப்பினார். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், என்னவென்றும் தெரிந்து கொண்டுவந்தீர்கள், இனி எங்கள் வேலை என்று எங்களை வெளியே உட்காரச் சொன்னார். அவர்களும் வேலையைச் செய்தார்கள். குமாரின் அம்மா பாக்கியம் அக்காவின் மடியில் தலையை வைத்து அழுதது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பின்னேரம் மூச்சு தானாக வந்தது. அதற்கு அடுத்த நாள் குழாயை எடுத்த பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டார். தொண்டை புண்ணாகி, குரல் காற்றாகத்தான் வந்தது. கிட்டப் போய்க் குனிந்தேன். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சாவின் வாசல்வரை போய் வந்தவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, மட்டி ருசியாத்தான் இருந்துச்சு."

தெளிந்தால் போதாது

மாசம் ஒன்று போனது. களப்புத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டதென்று போய் வந்த லொறிக்காரர்கள் சொன்னார்கள். குருவிட்டக்காரர்கள் மறுபடி ஹயர் கேட்டு வந்தார்கள். தண்ணீர் தெளிந்தாலும் மட்டிக்குள் இருப்பது உடனே போகாது, சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று மிஸ் சொன்னது எனக்கு நினைவிருந்தது. மறுத்துவிட்டேன். வேன் தேயிலைத் தூளும் கல்யாணச் சாமானும் ஏற்றியது. ஒரு மாசம் மரக்கறி ஏற்றினேன். அந்த வருஷம் சிறிபால அய்யா கூலிக்குத் தேங்காய் உரித்தார் என்று பிறகுதான் தெரியும். வலைக்கூட்டை எல்லாம் கூரை மேல் தூக்கிப் போட்டு, ஏணியையும் அடுத்த வீட்டில் கொடுத்து வைத்திருந்தாராம், கை அரிக்கக் கூடாது என்று.

புது வருஷம் பிறந்து நாளாகி, நானா கடைக்குச் சிறிபால அய்யாவின் போன் வந்தது. சோதனை சரி, தடையை எடுத்தாச்சு, மிஸ்ஸே வந்து சொல்லிவிட்டுப் போனார், வாங்க. அடுத்த போயாவுக்கு முதல் ஹயர் எங்கள் தோட்டம். குமாரும் அவன் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா வேனில் ஏறியதும் பாக்கியம் அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து, தான் கட்டி வந்த ரொட்டியைப் பிரித்து முதல் துண்டை அவர் கையில் வைத்தார். களப்பில் சிறிபால அய்யா குமாரைக் கையைப் பிடித்து இறக்கினார். நண்டை உடைத்து, மஞ்சள் கொழுப்பை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டு, கரையிலேயே சமைத்தோம். சமைத்தவன் குமார்தான், அந்த விஷயத்தில் அவனை யாரும் மாற்ற முடியாது. பீங்கானில் போட்டதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். குமார் முதல் பீங்கானை எடுத்து என் கையில் தந்துவிட்டு, மற்றக் கையை நீட்டிச் சொன்னான்: "இந்தத் தடவ நீங்க மொதல்ல சாப்பிடுங்கண்ணே, வேன் சாவிய இப்படிக் குடுங்க."

இத்தனை வருஷம் ஓடிய ஓட்டங்களில் எதற்காக நெஞ்சை நிமிர்த்திக்கொள்வாய் என்று யாராவது என்னைக் கேட்டால் ஓடாமல் நிறுத்திவைத்த அந்த ஓட்டங்களைத்தான் சொல்வேன், என்ன செய்ய, அதற்கு மட்டும்தான் இந்தத் தொழிலில் ஒருத்தரும் ஹயர் காசு தருவதில்லை.